வேங்கிக்காலுக்கு ஒரு டிக்கெட்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் ஊருக்குள் நுழைகிறார்கள். முதலில் மலை, 2,668 அடி. கொஞ்சம் கிட்டே போனால் கிழக்கு ராஜகோபுரம், 217 அடி. கழுத்து வலிக்க இரண்டையும் பார்த்துவிட்டு, சூடாக ஒரு காப்பி சாப்பிட்டால்தான் பிரயாணக் களைப்புத் தீரும். நானும் இதற்கு முன் நாலைந்து தடவை போய் வந்தவள்தான். ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்ததோடு சரி. இந்தத் தடவை குனிந்து பார்க்க நேர்ந்தது. அப்படிப் பார்த்தது ஒரு டவுன் பஸ்ஸின் படிக்கட்டை.

ஆசிரியர் எனக்கு இட்ட வேலை வேறு. "அண்ணாமலையைப் பற்றி எழுதாதவர்களே கிடையாது. கோவில், மலை, கிரிவலம் மூன்றையும் விட்டுவிட்டு எதையாவது எழுதிக்கொண்டு வா" என்று சொல்லி, கூடவே ஒரு போட்டோக்காரரையும் அனுப்பி வைத்தார். கோவிலையும் மலையையும் கிரிவலத்தையும் கழித்துவிட்டால் திருவண்ணாமலையில் பாக்கி என்ன இருக்கிறது? வழியெல்லாம் யோசித்தேன். செஞ்சிக் கோட்டை வந்து போய்விட்டது, யோசனை வரவில்லை. ஊருக்குள் நுழைகிறபோது போட்டோக்காரர்தான் சொன்னார்: "கலெக்டர் ஆபீஸ் இருக்கிறதே!"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமையன்று கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரு ஜில்லாவின் குறைகளெல்லாம் ஓரிடத்தில் கூடுகிற திருநாள் அது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது வேங்கிக்காலில். பஸ் ஸ்டாண்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். சரி, வேங்கிக்காலுக்கே போகலாம் என்று டவுன் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம்.

எங்களுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாளும் காத்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். வாயில் புடவை, நெற்றியில் பெரிய குங்குமம். இரண்டு கைகளிலும் கட்டைகள். ஒரு காலில் முழங்காலுக்கு மேல்வரை இரும்புக் காலிபர். இன்னொரு கால் குச்சியாய் மெலிந்திருந்தது. கூட ஒரு பெண். பதினைந்து பதினாறு வயது. கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையும், அதற்குள் மடித்து வைத்த மனுவும் எட்டிப் பார்த்தன.

முதல் பஸ் வந்தது. நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி இருபது அடி தள்ளி நின்றது. கூட்டம் ஓடியது. நானும் ஓடினேன். அந்த அம்மாள் கட்டைகளை எடுத்து வைத்து நாலு எட்டு வருவதற்குள் 'ரைட்' ஆகிவிட்டது. நான் ஏறாமல் நின்றுவிட்டேன். நல்ல குணத்தினால் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கும் இடம் கிடைக்கவில்லை.

இரண்டாவது பஸ் ஒழுங்காக நின்றது. ஆனால் படி தரையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் உயரம். அதற்குமேல் இன்னொரு படி. அதற்குமேல் வண்டியின் தளம். கூட்டத்திலே இரக்கமுள்ளவர்கள் இல்லாமல் போகவில்லை. "அந்த அம்மாவைத் தூக்கி விடுங்கப்பா!" என்று ஒரு குரல் கேட்டது. உடனே இரண்டு ஆண்பிள்ளைகள் அக்குளில் கை கொடுக்க வந்துவிட்டார்கள். நம் போட்டோக்காரரும் காமிராவைத் தோளுக்குப் பின்னே தள்ளிவிட்டு முன்னே போனார்.

"வேணாம் தம்பி. தொடாதீங்க. நானே ஏறிக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை, ஆனால் வந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன.

கட்டைகளை மகளிடம் கொடுத்தார். கைப்பிடிக் கம்பியைப் பற்றித் திரும்பி, படிமேல் உட்கார்ந்தார். பிறகு இரண்டு கைகளையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே மேல்படிக்கு ஏறினார். அங்கிருந்து தளத்துக்கு. காலிபரைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். மகள் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஏறி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கண்டக்டர் பொறுமைசாலி, விசில் ஊதவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒருவர், "இவங்கள்லாம் ஆட்டோவுல வந்தா என்ன?" என்றார். இன்னொருவர், "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான்" என்று பழமொழியே சொல்லிவிட்டார்.

எத்தனை தடவை நாமும் இந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கிறோம்! எதிர்வீட்டுப் பிள்ளை ஐ.ஏ.எஸ். எழுதப் போகிறான் என்றால் சொல்லியிருக்கிறோம். ஒண்டுக் குடித்தனக்காரர் வீடு வாங்கப் போகிறார் என்றால் சொல்லியிருக்கிறோம். சம்பந்தப்பட்டவர் எதிரிலேயே இருக்கும்போது அது எப்படிக் காதில் விழுகிறது என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

* * *

உள்ளே மாற்றுத்திறனாளிகளுக்கென்று எழுதிய ஆசனம் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த வாலிபர் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார். நானும் பக்கத்தில் இடம் பிடித்துப் பேச்சுக் கொடுத்தேன். செங்கத்துக்கு அப்பால் ஒரு கிராமம். வீட்டிலேயே தையல். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். அந்த வியாதி நம் தேசத்தில் இன்று இல்லை. 2011 ஜனவரியில் கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது, 2014 மார்ச்சில் இந்தியா அந்த வியாதி ஒழிந்த நாடு என்று சான்றிதழும் கிடைத்தது. சான்றிதழ் வருவதற்கு முன்னால் பிறந்தவர்கள் மட்டும் கட்டையோடு நடக்கிறார்கள்.

"எத்தனை மணிக்கு அக்கா கிளம்பினீர்கள்?" என்று கேட்டேன்.

"நாலரை மணிக்கு எழுந்தாச்சு. ஊர்லேர்ந்து செங்கத்துக்கு ஒரு பஸ்ஸு. செங்கத்துலேர்ந்து இங்க ஒண்ணு. இப்ப இது ஒண்ணு."

மூன்று பஸ். போக மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். திரும்பி வரவும் அப்படியே. ஆக ஒரு மனு கொடுக்க ஆறு தடவை ஏறி ஆறு தடவை இறங்கவேண்டும். இத்தனைக்கும் டிக்கெட் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுக்குத் துணையாக வருகிற ஒருவருக்கும் அந்தச் சலுகை வந்தது. வெளியூர் பஸ்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு.

"பஸ்ஸுக்குக் காசு வாணாம்னு சொல்லிட்டாங்க. சீட்டும் எழுதி வெச்சிருக்காங்க. கீழேர்ந்து சீட்டு வரைக்கும் எப்டி வர்றதுன்னுதான் யாரும் எழுதி வெக்கலே" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சற்றுத் தயங்கிவிட்டு, "அவர்கள் உதவி செய்யத்தானே வந்தார்கள், ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று கேட்டேன். அசட்டுத்தனமான கேள்வி.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பன்னெண்டு பதிமூணு வயசுலேர்ந்து பஸ்ஸு ஏறிக்கினு வர்றேன். தூக்கி விடறேன்னு வர்ற கையெல்லாம் ஒரே மாதிரிக் கையா இருக்குமா, சொல்லுங்க?" என்றார்.

அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் போகிற பெண்கள் யாருக்கும் அதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

மகள் பையிலே ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். முழுசாக இருந்தது, மூடி திறக்கப்படவேயில்லை. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, குடிக்கக் கூடாதா என்றேன். "குடிச்சா வழியில எங்கே போறது? ரெண்டு படி ஏறி, உள்ளே போய்க் குந்தறது நமக்கு ஆவாதும்மா" என்றார். விடியற்காலையில் குடித்த அரை டம்ளர் காப்பியோடு வந்திருக்கிறார். வெளியூர் போகும்போது நாமும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர்கள்தான். நமக்கு அது ஒரு வேளைச் சங்கடம். அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

* * *

வேங்கிக்கால் வந்தது. வேலூர்ச் சாலையில், ஊருக்கு வடகிழக்கே இருக்கிறது. நெடுங்காலம் தனி ஊராட்சியாக, ஏரியும் வயலுமாக இருந்த ஊர். வட ஆற்காட்டைப் பிரித்து 1989 செப்டம்பர் 30ம் தேதி திருவண்ணாமலை தனி ஜில்லா ஆனது. கலெக்டர் ஆபீஸ் இங்கே அமைந்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் எங்கும் வீட்டு மனைகள், ஓட்டல்கள், ஜெராக்ஸ் கடைகள். 2024ல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது. இங்கிருந்து பார்த்தால் தென்மேற்கே மலை வேறு ஒரு சாயலில் தெரிகிறது. கோவில் வாசலில் நின்று பார்க்கும்போது இருக்கிற கம்பீரம் இல்லை. வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் மாதிரி இருக்கிறது. போட்டோக்காரர் மலையைத்தான் முதலில் எடுத்தார். ஆசிரியர் பேச்சை யார் கேட்கிறார்கள்!

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஏறும்போது கை தாங்குகிறது. இறங்கும்போது முழு உடம்பும் ஒரு கட்டையின்மேல் விழவேண்டும். ஒருவாறு இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, பெயர்ப் பலகையைப் பார்த்தார். "பாருங்க, ஊர்ப் பேருலயே காலு இருக்குது. எனக்குத்தான் இல்லே" என்றார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தேன். மகள், "இவங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லுவாங்க" என்று அலுத்துக்கொண்டாள். வாய்க்காலுக்கும் கால் என்று பெயர் உண்டு, ஏரிப் பாசன ஊருக்கு அது பொருத்தம்தான் என்று நான் இலக்கண விளக்கம் கொடுத்தேன். அவருடைய விளக்கம்தான் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை வேங்கிக்காலை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆரணி, செய்யாறு, வந்தவாசி, போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டு, அந்தண்டை ஜவ்வாது மலையிலிருந்துகூட ஜனங்கள் வருகிறார்கள். பட்டா வேண்டியவர்கள், முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்கள், வழிப்பாதைச் சண்டைக்காரர்கள். அவர்களுக்கு நடுவே கட்டையோடும், சக்கர நாற்காலியோடும், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாகவும், பிள்ளையை இடுப்பில் தூக்கிய தாயாரோடும் வருகிறவர்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பத்து வயதுக்குமேல் இருக்கும். அடையாள அட்டை, உதவித்தொகை, மூன்று சக்கர வண்டி, காது கேட்கும் கருவி, கடன் எல்லாவற்றுக்கும் ஜில்லாத் தலைநகரில்தான் கதவு. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவர்கள் 11 லட்சத்து 79 ஆயிரத்துச் சொச்சம் பேர். கணக்கு எடுத்து நாளாகிவிட்டது. அப்போது குறைபாடு என்று சேர்த்துக்கொண்டவை கொஞ்சம். 2016ம் வருஷத்துச் சட்டம் 21 வகைகளைக் கணக்கில் சேர்த்திருக்கிறது.

அக்காவின் மனு ஸ்கூட்டருக்காக. பின்னால் இரண்டு சக்கரம் சேர்த்த பெட்ரோல் ஸ்கூட்டர் சர்க்காரில் கொடுக்கிறார்கள் அல்லவா, அது. "அது ஒண்ணு வந்துட்டா செங்கம் மார்க்கெட்டுக்கு நூலு வாங்க, ரேஷனுக்கு, எல்லாத்துக்கும் நானே போயிடுவேன். இவளும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வாணாம்" என்றார். மகள் பத்தாம் வகுப்பு. தாயாருக்கு இரண்டு கட்டைகள் என்று முதலில் எண்ணியிருந்தேன். மூன்று என்று இப்போது தெரிந்தது.

* * *

அவர் மனுக் கொடுக்க உள்ளே போனார். நான் மர நிழலில் நின்று சட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். மர நிழலில் நின்று யோசிக்கிற விஷயமா என்று கேட்கலாம். ஆனால் யோசிக்க வைத்தது அந்தப் படி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது 2016 டிசம்பரில். அதிலே பஸ்ஸைப் பற்றியே ஒரு பிரிவு இருக்கிறது. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றிலும் வசதி வேண்டும். வண்டிகளும் அவர்கள் ஏறும்படி இருக்கவேண்டும். பழைய வண்டிகளைக்கூட, முடிந்த இடத்தில், மாற்றியமைக்கவேண்டும் என்கிறது. கட்டணச் சலுகை வேறு, இது வேறு. சலுகை கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. இது கேட்டு வாங்கவேண்டிய பாத்தியதை.

ஆனால் சட்டத்துக்கு விதிகள் எழுதும்போது ஒரு வேடிக்கை நடந்தது. சமையல் குறிப்புகளில் 'முந்திரிப் பருப்பு இருந்தால் போட்டுக்கொள்ளலாம்' என்று எழுதுவோமே, அந்தப் பாணியில் பல விஷயங்கள் யோசனைகளாகவே நின்றுவிட்டன. கண் பார்வையில்லாத ராஜீவ் ரதூரி என்பவர் 2005லேயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர். அவருடைய வழக்கில் 2024 நவம்பர் 8ம் தேதி தீர்ப்புச் சொன்ன கோர்ட்டு, இப்படிச் 'செய்தால் நல்லது' என்று எழுதினால் போதாது, 'செய்தே தீரவேண்டும்' என்பவற்றைத் தனியே பிரித்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது. முந்திரியைப் பற்றிய பேச்சு இல்லை, உப்பைப் பற்றிய பேச்சு என்று நான் புரிந்துகொண்டேன்.

நம் சென்னையிலேயே பஸ் படிக்காக வழக்கு நடந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபடும் வைஷ்ணவி ஜெயகுமார் ஹைகோர்ட்டுக்குப் போனார். சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர். ஏறக்குறைய 3 அடி. தாழ்தள பஸ்ஸில் அது 400 மில்லிமீட்டர், 16 அங்குலத்துக்குள். நிறுத்தத்தில் வண்டி நம் பக்கமாகச் சற்றுச் சாய்ந்தும் கொடுக்கும். வாசலில் ஒரு பலகையை விரித்தால் சக்கர நாற்காலி அப்படியே உள்ளே உருண்டு போகும். ரோடு குறுகல், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் ஆட்சேபங்கள் எழுந்தன. கடைசியில் 2024 ஆகஸ்டில் 58 தாழ்தள பஸ்கள் சென்னை வீதிகளில் ஓட ஆரம்பித்தன. நான் அதில் போயிருக்கிறேன். முழங்கால் வலிக்கார மாமிகளும், கைக்குழந்தைக்காரிகளும், காய்கறிக் கூடைக்காரிகளும் அதற்காகவே காத்திருந்து ஏறுகிறார்கள். யாருக்காக வழக்குப் போட்டது, யாருக்கெல்லாம் சௌகரியம், பார்த்தீர்களா?

பஸ்ஸுக்காகச் சண்டை போட்டது நாம் மட்டும் இல்லை. 1978 ஜூலையில் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் 19 பேர், சக்கர நாற்காலிக்காரர்கள், நாற்சந்தியில் பஸ்களை மறித்துவிட்டார்கள். சிலர் நாற்காலியிலிருந்து இறங்கித் தெருவிலேயே படுத்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தார்கள். பணக்கார தேசத்திலும் பஸ் தானாகக் குனிந்து கொடுத்துவிடவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது என் எதிரே 'வேலூர்' என்று பலகை போட்ட பஸ் ஒன்று போயிற்று. இதே சாலை, 80 கிலோமீட்டர் சொச்சம். அக்காவின் காலிபர் வேலூரில் செய்ததுதான். அங்கே இருந்த டாக்டர் மேரி வர்கீஸை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கேரளத்துப் பெண், வேலூரில் படித்து டாக்டரானவர். 1954 ஜனவரியில் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போயிற்று. முப்பது வயதுகூட நிறையவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். அயல்நாடு போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1963ல் அதற்கென்று வேலூர் சி.எம்.சி.யில் ஒரு தனிப் பகுதியே தொடங்கினார். 1972ல் பத்மஸ்ரீ. கால் போனவர்களை எழுப்பி உட்கார வைக்கவும், உத்தியோகத்துக்கு அனுப்பவும் வேலூரில் அந்த அம்மாள் வழி செய்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸின் படி மட்டும் அப்படியே இருக்கிறது.

* * *

ஒரு மணி நேரத்தில் அக்கா ரசீதோடு வந்துவிட்டார். மனு வாங்கிய இடத்தில் குறை ஒன்றும் இல்லை, நல்லபடியாகப் பேசினார்கள் என்றார். சாப்பிடலாம் என்று சாலையில் ஓட்டலைத் தேடினோம். முதல் ஓட்டலுக்கு ஐந்து படி. இரண்டாவது ஓட்டலுக்கு மூன்று படி, கைப்பிடி இல்லை. பணம் எடுக்கிற ஏ.டி.எம். ஒன்றும் மேடைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறது; எடுக்கிற இடம் படிமேல். கடைசியில் ரோட்டோரத் தள்ளுவண்டியில் இட்டிலி சாப்பிட்டோம். அதற்குப் படி கிடையாது. திருவண்ணாமலை ஜில்லாவிலேயே எல்லோரும் போகக்கூடிய ஓட்டல் அதுதான் என்று போட்டோக்காரர் சொன்னார்.

மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத்தான் கடைக்காரர்கள் மேடை கட்டுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் மூன்று படி கட்டினவருக்குப் பக்கத்திலேயே ஒரு சரிவு போட எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகிவிடும்? சென்னை மெரீனாவில் 2022 நவம்பரில் மணல்மேல் மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள் கடலோரம் வரை போனார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அலையைத் தொட்டவர்கள் அதில் உண்டு. அடுத்த மாதமே புயல் வந்து பாதையைக் குலைத்தது, மறுபடி சீர்செய்தார்கள். மணலிலும் புயலிலும் முடிந்தது வேலூர்ச் சாலையில் முடியாதா?

"ஊர்ல ரேஷன் கடைக்கு ரெண்டு படி. கேட்டா, 'நீ வர வாணாம், ஆளை அனுப்பு'ன்னுவாங்க. நான் ஏன் ஆளை அனுப்பணும்?" என்றார் அக்கா. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் மசோதா நிறைவேறி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக உட்கார வைக்க வழி பிறந்திருக்கிறதே என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. "எங்க ஊர்ல யாரைப் போடுவாங்களோ! போட்டா மொதல்ல அந்த ரெண்டு படியை இடிக்கச் சொல்லணும்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "முன்னெல்லாம் நொண்டின்னாங்க. அப்புறம் ஊனமுற்றோர். இப்ப மாற்றுத்திறனாளி. நல்லாத்தான் இருக்குது பேரு. படியை மட்டும் யாரும் மாத்தலே" என்றார்.

இரண்டு மணிக்கு டவுனுக்குத் திரும்பும் பஸ் வந்தது. டிரைவர் வயசானவர். கட்டைகளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. நிறுத்தத்தில் நிற்காமல் பத்தடி முன்னால் வந்து, ரோட்டோரத்தில் சாக்கடைமேல் மூடியிருந்த ஒரு சிமெண்ட் பலகையை ஒட்டி, வாசல் அதற்கு நேராக வரும்படி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பலகை அரை அடி உயரம் இருக்கும். அந்த அரை அடியில் படி அவ்வளவு தாழ்ந்துவிட்டது. அக்கா ஒரு கட்டையை உள்ளே ஊன்றினார், ஒரு கையால் கம்பியைப் பிடித்தார், நின்றபடியே ஏறிவிட்டார். உட்கார வேண்டியிருக்கவில்லை. மகள் புடவையைச் சரிசெய்யக் குனிந்தாள், அதற்கு அவசியமில்லை. போட்டோக்காரர் அதைப் படம் எடுத்தாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் காமிராவை எடுக்கவே மறந்து நின்றுகொண்டிருந்தார்.

நாங்கள் பின்னால் வரப்போகிறோம் என்று சொல்லிக் கீழேயே நின்றோம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, நெற்றி வேர்வையைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். மகள் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வாய்வரைக்கும் கொண்டுபோனவர், இன்னும் எத்தனை வண்டி என்று மனசுக்குள் எண்ணினாரோ என்னவோ, மூடியைத் திருப்பித் திருகினார்.

"செங்கம் வந்துடட்டும்" என்றார்.